மூவாத உருவமும் முதிரும் குரலும்

தேவதானப்பட்டியில் இருட்டிய பின் ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோரை, உள்ளிருப்போர் "யாரது?" என வினவுவர். வெளியில் நிற்பவர் தம் பெயர் கூறார், "நான்தான்" என்பர். உடனே தாழ் நீங்கும். ‘நான்’ என்னுஞ் சொல் யாவர்க்கும் பொது. அதனைச் சொல்லுங் குரலோ ஒருவர்க்கே உரியது. முகங் காணாமலே ஆளை அறிவிக்கும் இவ்வாற்றலை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலையைப்பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் தென்னாட்டுத் தோற்பாவைக் கூத்தில், வெண்டிரைக்குப் பின் அமர்ந்த கலைஞர் ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும், உச்சிக்குடும்பனாகவும் உளுவத்தலையனாகவும் பேசுவார். தோலாற் செய்த பாவைக்கு உயிர் தருவது அவர் குரலே. சித்திரத் திரைப்படமும் இத்தன்மைத்தே. அதிற் பெரும்பாலும் குரலே முதலிற் பதிவு செய்யப்படும். அதன் ஏற்றத்தாழ்வுக்கு இசைய ஓவியர் வாயசைவையும் முகக்குறிப்பையும் அமைப்பர். வேற்றுமொழிக்கு மாற்றுங்கால் இம்முறை தலைகீழாகும். அசையும் வாய்க்கு ஏற்பக் குரல் கொடுப்போர் தம் சொற்களை அளந்து பேசல் வேண்டும்.

இக்கலையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சித்திரத்தில் எழுதிய வீரனுக்கு நரை திரை இல்லை. அவனுக்காகப் பேசுபவர்க்கோ ஆண்டுதோறும் வயது ஏறுகின்றது. 2004-இல் வெளிவந்த ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ என்னும் வீரக் குடும்பத்தின் கதை, 2018-இல் இரண்டாம் படமாகத் தொடர்ந்தது. முதற்படம் முடிந்த இடத்திலேயே அது தொடங்கியது. கதையிற் பதினான்கு நாளும் கழியவில்லை, உலகிற் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. தந்தையாகவும் தாயாகவும் பேசிய கிரெய்க் நெல்சனும் ஹாலி ஹண்டரும் மீண்டும் வந்து பேசினர். சிறுவன் டாஷுக்குப் பேசியவரோ வளர்ந்து மகரக்கட்டு உடைந்துவிட்டமையால், வேறொரு சிறுவனைத் தேடவேண்டியதாயிற்று.

பாட்மேன் என்னும் வௌவால் வீரனுக்கு 1992-ஆம் ஆண்டுமுதற் குரல் கொடுத்தவர் கெவின் கான்ராய் என்பார். செல்வனாக உலவும்போது ஒரு குரலும், முகமூடி அணிந்த பின் அதனினும் தாழ்ந்த மற்றொரு குரலுமாக அவர் பேசினார். ஒருவனுக்குள் இருவர் உளர் என்பதைச் சித்திரத்தினும் தெளிவாக உணர்த்தியது அம்மாற்றமே. 1993-லும் 2016-லும் வந்த திரைப்படங்களில் அவரும், பகைவனாகிய ஜோக்கருக்குப் பேசிய மார்க் ஹாமிலும் எதிரெதிர் நின்றனர். 2022-இற் கான்ராய் மறைந்தார். அவர் முன்னரே பேசிவைத்த பகுதி 2024-இல் வெளிவந்த படத்தில் ஒலித்தது.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. வீரர் கதையன்று, விலங்குகளின் கதை. 2019-இல் ‘தி லயன் கிங்’ தமிழிற் பேசியபோது, பன்றியாகிய பும்பாவுக்கு ரோபோ சங்கரும், அதன் தோழன் டிமோனுக்குச் சிங்கம்புலியும் குரல் கொடுத்தனர். 2024-இல் ‘முஃபாசா’ வந்தபோது வேறு பாத்திரங்களுக்குப் புதியோர் பேசினும், இவ்விருவரும் தம் பழைய இடத்திற்கே திரும்பினர். பழகிய குரலைக் கேட்டதும், இடைப்பட்ட ஐந்தாண்டும் இல்லாததுபோல் அவையினர் மகிழ்ந்து நகைத்தல் இயல்பே. 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் காலமானார். பும்பா இனித் தமிழிற் பேசுமாயின், அது வேறொருவர் குரலாகவே இருத்தல் வேண்டும்.

அன்றி, இயந்திரத்தின் குரலாகவும் இருக்கலாம். மறைந்தவர் குரலைக் கணிப்பொறியால் மீட்கும் வித்தை இன்று கைகூடிவிட்டது. 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில் மறைந்த பாடகர் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோர் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இவ்வாறு அமைத்தார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். இசைவு கேட்டது நன்றே. கேளாமற் செய்வோர் கையில் இவ்வித்தை என்னாகும் என்பதே கருதத்தக்கது.

மீண்டும் வரும் நடிகர் தம் பழைய குரலைப் பிரதி செய்யவில்லை. இடையில் தாம் கண்ட இன்பதுன்பங்களையும் அதனுடன் கொணர்கின்றார். அவையினரும் அவரோடு வளர்ந்தவராய்க் கேட்கின்றனர். இயந்திரம் முன்னைக் குரலைப் பழுதின்றித் தரலாம். கழிந்த ஆண்டுகளைத் தரவியலாது. "நான்தான்" என்னும் ஒலி கேட்டுக் கதவைத் திறப்பவர், வெளியே ஒருவர் நிற்கின்றார் என்று நம்பியே திறக்கின்றார். அந்நம்பிக்கை பொய்யாகாமற் காப்பது நம் தலைமுறையின் கடனாம்.