எண்ணெய்க் காப்பும் பாட்டியின் கையும்

மேச்சேரி என்றதும் சேலம் மாவட்டத்து அன்பர்களின் நெஞ்சில் முதலில் எழுந்தருள்பவள் பத்ரகாளியம்மனே. அம்பிகைக்கு அபிஷேகம் நிகழும்போது கவனித்திருப்பீர்கள்; தொடக்கத்தில் சாத்துவது எண்ணெய்க் காப்பு. அர்ச்சகரின் கை அவசரமின்றி, அழுத்தமின்றித் திருமேனியில் இழையும். வீட்டில் பச்சிளங் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் கைக்கும் அந்தப் பக்குவம் வேண்டும்.

நம் மரபில் இது வெறும் உடற்பணி அன்று. பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே பாவித்து, புழுதி படிந்த கண்ணனை எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு நீராட அழைக்கிறார். பரம்பொருளையே குழந்தையாக்கி மகிழ்ந்த பக்தி அது.

என் மூத்த மகனின் நினைவு இங்கே எழுகிறது. மேச்சேரியில் என் மாமியார் காலை நீட்டி அமர்ந்து, அவனைக் கால்களில் கிடத்திக் குளிப்பாட்டுவார். ஒருநாள், சளி கரையும் என்று மூக்கில் இரு துளி எண்ணெய் விட்டார். பிள்ளைக்குப் புரையேறியது, மூன்றாம் நாள் மூச்சு இரைத்தது. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிட்டது என்றார் மருத்துவர். அம்மன் அருளால் பிள்ளை பிழைத்தான். ஆனால், மாமியார் அதன்பின் அவனைத் தொடவே அஞ்சினார். இதை அறிந்த மருத்துவர் அவரை அழைத்து, “அம்மா, உங்கள் கையை நிறுத்த வேண்டாம், மூக்கில் விடும் துளியை மட்டும் நிறுத்துங்கள்” என்றார். மாமியாரின் கண்கள் நிறைந்தன. மறுநாள் மீண்டும் மணையில் அமர்ந்தார்.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையும், நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு உடல் முழுவதும் மென்மையாகத் தேய்த்துவிடலாம். அது வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்கிறது. எடை குறைந்தும், மாதம் நிறையாமலும் பிறந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பால் குடித்து அரைமணி நேரமாவது கழியட்டும். காற்று வீசாத அறையில், வளையல், மோதிரங்களைக் கழற்றி, நகம் வெட்டிய கைகளைக் கழுவி, உள்ளங்கைகளை உரசிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். புதிய எண்ணெயாயின், முதலில் சிறிதளவு காலில் தடவி, மறுநாள் வரை தடிப்பு உண்டா என்று பாருங்கள். கணுக்காலிலிருந்து தொடைவரை நீவுங்கள், பிறகு கைகள், மார்பில் நடுவிலிருந்து பக்கங்களுக்கு, வயிற்றில் கடிகார முள் சுற்றும் திசையில், இறுதியாக முதுகு. குழந்தை முகம் திருப்பினாலோ சிணுங்கினாலோ நிறுத்திவிடுங்கள். காய்ச்சலும் தோல் தடிப்பும் உள்ள நாளில் வேண்டாம். தடுப்பூசி போட்ட இடத்தைத் தேய்க்கலாகாது.

மூக்கு, காது, கண், தொப்புள் ஆகியவற்றில் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் வாய்வைத்து ஊதுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்குவதும் கூடாது. உச்சிக்குழியை அழுத்தலாகாது. பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் பிதுக்க வேண்டாம். தாயிடமிருந்து வந்த சுரப்பினால் உண்டான அவ்வீக்கம் தானே வடிந்துவிடும். எண்ணெய்க் கையில் குழந்தை வழுக்கும். ஆகவே தரையில் அமர்ந்தே தேய்ப்பது நலம்.

“இக்காலப் பிள்ளைகள் எங்களைத் தொடவிடுவதில்லை” என்று வருந்தும் பெரியோர் பலர். விட வேண்டியதை நாமே விட்டுவிட்டால், மருமகளே குழந்தையை நம் மடியில் கிடத்துவாள். உலகத்தைத் தாங்கும் அன்னையின் கருணை, அந்தப் பிஞ்சு உடலுக்கு நம் கை வழியாகவே சென்று சேரட்டும்.