பல் பிடுங்கும் முன் சொல்ல வேண்டியவை

பல் வலி வந்தவருக்கு வேறு எதுவும் நினைவில் இருப்பதில்லை. "இந்தப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்பதுதான் முதல் பேச்சு. டாக்டர் உடனே குறட்டை எடுப்பதில்லை. "ரத்தக் கொதிப்பு உண்டா? நெஞ்சு வலி வந்திருக்கிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கிறார். சிலருக்குக் கோபம்கூட வருகிறது. பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. வாயில் ஓடுவதும் இதயத்தில் ஓடுவதும் ஒரே ரத்தம்தான்.

ரத்தக் கொதிப்பைக் கையில் பட்டை கட்டி அளக்கிறார்கள். இரண்டு எண்கள் சொல்கிறார்கள். 120-80 என்றால் நல்லது. திரும்பத் திரும்ப 140-90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக் கொதிப்பு. பெரும்பாலும் இதற்கு வலி இல்லை, அடையாளம் இல்லை. அதனால் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. பல் டாக்டர் அளந்த அன்றுதான் தெரிந்தது என்பவர்களும் உண்டு.

180-110 அளவுக்கு ஏறியிருந்தால் பல் பிடுங்குவதைத் தள்ளி வைப்பார்கள். வலிக்கு மருந்து கொடுத்து, கொதிப்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். இது அலைக்கழிப்பு அல்ல. பயமும் வலியும் கொதிப்பை இன்னும் ஏற்றும். மூளையில் ரத்தக் குழாய் வெடித்தால் கை கால் விழுந்துவிடும்.

பல் பிடுங்கும் நாளிலும் கொதிப்பு மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதானால் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். சற்று உட்கார்ந்திருந்து எழுவது நல்லது. வலி மாத்திரையைக் கடையில் தானாகக் கேட்டு வாங்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை கொதிப்பை ஏற்றக் கூடியவை. இன்னொன்று: அம்லோடிபின் என்ற கொதிப்பு மாத்திரையால் சிலருக்கு ஈறு வீங்கும். அதையும் டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றுவார்.

மாரடைப்பு வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். அது ரத்தம் எளிதில் உறையாமல் செய்யும். "பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சிலர் நாலு நாள் முன்பே தாங்களாக நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பல் இருந்த குழியில் ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடித்தால் போதும், பெரும்பாலும் நின்றுவிடும். தேவைப்பட்டால் தையல் போடலாம். இதயத்தில் அடைத்தால் பஞ்சு வைக்க முடியுமா?

வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் உறையும் அளவைச் சோதனை செய்து பார்த்துப் பல் பிடுங்குவார்கள். எந்த மாத்திரையையும் நிறுத்தலாமா என்பதை இதய டாக்டரும் பல் டாக்டரும்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரையின் பெயர் வாயில் நுழையாவிட்டால் அட்டையையே எடுத்துப் போகலாம்.

சிறு வயதில் தொண்டைப் புண், காய்ச்சல், மூட்டு வலி என்று வந்து, பிறகு இதய வால்வு கெட்டுப்போனவர்கள் இந்தியாவில் பலர். சிலருக்குச் செயற்கை வால்வு வைத்திருப்பார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் உள்ள கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. மற்றவர்களுக்கு அவை தானாக அழிந்துவிடும். செயற்கை வால்விலோ அவை ஒட்டிக்கொண்டு பெருகலாம். அது உயிருக்கே ஆபத்து. அதனால் செயற்கை வால்வு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்க ஒரு மணி நேரம் முன்பு கிருமியைக் கொல்லும் மருந்து கொடுப்பார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சில நேரம் பல் வலி போலத் தோன்றுவது பல் வலியே அல்ல. நடக்கும்போது கீழ்த்தாடை வலிக்கும். நின்றால் குறையும். பல்லில் சொத்தை இருக்காது. இது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். உட்கார்ந்தும் வலி நிற்காமல், வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் பல் டாக்டரைத் தேடிப் போகக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.