எதிரில் நிற்பவர் ஒருவர்தானா? கடினமான மனிதர்களும் எங்கள் மன அமைதியும்

சில வருடங்களுக்கு முன்னர் எனது பெரியம்மாவுடன் ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தேன். 2009 மே மாதத்தில் காணாமற்போன அவரது மகன் தொடர்பான சான்றிதழ் ஒன்றைப் பற்றி விசாரிக்கவே போனோம். காலை எட்டரைக்கே போய்விட்டோம். எங்கள் முறை வரும்போது பதினொரு மணி தாண்டியிருந்தது. பெரியம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கடதாசிகளை மேசையிலிருந்த உத்தியோகத்தர் நிமிர்ந்தும் பாராமல் புரட்டினார்.

“இதெல்லாம் பழைய பேப்பர் அம்மா. மரணச் சான்றிதழை எடுத்தால் பிரச்சினை முடிஞ்சிடும்தானே. ஏன் சும்மா அலைஞ்சு எங்களையும் கஷ்டப்படுத்துறியள்?”

பின்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. பெரியம்மா “ஓம் சேர்” என்று மட்டும் சொன்னார். கடதாசிகளைத் திரும்ப அடுக்கும்போது அவரது கைகள் நடுங்கின. பஸ்ஸில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் அவர் எந்த அலுவலகத்தின் படியிலும் ஏறவில்லை.

மூன்று நிமிடம்கூட நீடிக்காத ஒரு பேச்சு ஒரு தாயைத் தனது மகனைத் தேடும் வேலையிலிருந்து ஒரு வருடம் தள்ளி வைத்தது. கடினமான மனிதர்களை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி எங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரணமான ஒன்றல்ல. மனம் உடைந்து நாங்கள் வீட்டில் இருந்துவிட்டால் எங்கள் கோப்பு மூடப்படுகிறது. கொடுப்பனவு நின்றுபோகிறது. காணி இன்னொருவர் பெயருக்குப் போகிறது. தேடல் நின்றுவிடுகிறது.

ஒரு சொல் ஏன் இவ்வளவு தாக்குகிறது?

பல மாதங்களுக்குப் பிறகு பெரியம்மாவிடம் அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். “அந்தாள் கத்தேக்க எனக்கு செட்டிகுளம் ஞாபகம் வந்திட்டுது. தண்ணி லைனில நிண்ட மாதிரி இருந்தது” என்றார். அவர் சொன்னது மெனிக் பாம் முகாமை. 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவரது உடம்புக்கு அது இன்னும் மூடப்படவில்லை.

இது பலவீனம் அல்ல. ஆபத்தைக் கண்டதும் எச்சரிக்கை மணி அடிக்கும் ஒரு பகுதி மூளையில் உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். யோசிக்கும் பகுதி விடயத்தை விளங்கிக்கொள்வதற்கு முன்னரே அது உடம்பைத் தயார்ப்படுத்திவிடும். இதயம் வேகமாக அடிக்கும், வாய் வறண்டுபோகும், கை நடுங்கும், சொல்ல வந்தது மறந்துபோகும். ஷெல்லுக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்த மணி உயிர் காத்தது. சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் பாய்ந்தவர்கள்தான் இன்று உயிருடன் இருக்கிறார்கள். யுத்தம் முடிந்த பின்னரும் அந்த மணி அதே அளவுக்குக் கூர்மையாகவே இருக்கிறது. சீருடை, உயர்ந்த குரல், நீண்ட வரிசை, மேசைக்குப் பின்னால் இருந்து கேட்கப்படும் கேள்வி என எதுவும் அதை அடிக்கச் செய்யும்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதர்களின் மனதில் மட்டுமன்றி குடும்பங்களிலும் சமூகத்திலும் வடுக்களை விட்டுச்செல்கிறது என்பதைத் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். நம்பிக்கையின்மை, சந்தேகம், சட்டென்று எழும் கோபம், எதிலும் ஒதுங்கிப்போதல் ஆகியவை தனி ஒருவரின் குணக்கோளாறு அல்ல, ஒரு சமூகம் முழுவதும் பட்ட காயத்தின் அடையாளம் என்பது அந்தப் பார்வை.

அப்படியென்றால் கடினமான ஒருவர் எங்கள் முன் நிற்கும்போது உண்மையில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் இன்றைய மனிதர்: மரியாதை தெரியாத ஓர் உத்தியோகத்தர், ஒரு கடன் சேகரிப்பவர், ஓர் உறவினர். மற்றவர் எங்கள் நினைவிலிருந்து எழுந்து வரும் பழைய மனிதர். நடுக்கத்தில் பெரும் பங்கு பழையவருக்குரியது. இருவரையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் மன அமைதிக்கான முதல் படி.

மேசைக்கு முன்னால்

பிரித்துப் பார்ப்பதற்கு உடம்பின் உதவி வேண்டும். மணி அடிக்கும்போது “பயப்படாதே” என்று மனதுக்குச் சொல்வதால் பயனில்லை. அந்த நேரத்தில் மனம் கேட்காது. ஆனால் மூச்சு கேட்கும். உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக விட்டால் இதயத் துடிப்பு மெதுவாகும். நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்தாறு தடவை போதும். வரிசையில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு பாதங்களும் நிலத்தில் அழுந்துவதைக் கவனியுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரின் திகதியை வாசியுங்கள். இது 2009 அல்ல, இது முகாம் அல்ல என்பதை உடம்புக்குக் காட்டும் வழி அது.

அடுத்தது ஆயத்தம். பதற்றத்தில் நினைவு தப்பும் என்பதால், கேட்க வேண்டியதை முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். தனியே போகாதீர்கள். மகளோ, பக்கத்து வீட்டு அக்காவோ கூட நின்றாலே குரல் உயர்த்துபவரின் குரல் சற்று இறங்கும். அப்படி இறங்காவிட்டாலும், நடந்ததைப் பார்த்த ஒருவர் இருப்பார்.

கத்துபவருக்குக் கத்திப் பதில் சொன்னால் பேச்சு எங்கள் விடயத்தை விட்டு எங்கள் குணத்துக்குப் போய்விடும். மௌனமாகத் திரும்பினால் விடயம் அங்கேயே கிடக்கும். இடையில் ஒரு வழி உண்டு: “சேர், நீங்கள் சொல்லுறது விளங்குது. இதை எழுத்தில தாங்கோ. உங்கட பேரையும் பதவியையும் எழுதிக்கொள்ளுறன்.” இதைப் பணிவாகவே சொல்லலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச நிறுவனம் ஒன்றிடம் எழுத்துமூலம் தகவல் கோர எங்களுக்கு உரிமை உண்டு. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கை கிடைத்ததற்கான ஒப்புதலைத் தர வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தமிழிலேயே கேட்கலாம். முகத்துக்கு முன்னால் நடக்கும் பேச்சைக் கடதாசிக்கு மாற்றும்போது, எதிரில் இருப்பவரின் குணத்துக்கு இருந்த அதிகாரம் குறைந்துவிடுகிறது.

பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்டதும் சட்டப்படி சரியானதல்ல. 2016 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின்னர், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழியுண்டு. அதையும் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்று கேட்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களது தொடர் போராட்டத்தின் கேள்வி அதுதான். எதைத் தெரிவு செய்வது என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. மேசையில் இருப்பவர் அதைத் தீர்மானிக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவரின் கை அவ்வளவாக நடுங்காது.

வாசலில் நிற்பவர்

நுண்கடன் எடுத்த பெண்களுக்குக் கடினமான மனிதர் வாரம் ஒருமுறை வாசலுக்கே வருகிறார். சிலர் தவணை கட்டும்வரை முற்றத்தில் இருந்துவிடுகிறார்கள். அயலவர் கேட்கக் கேட்க ஏசுகிறார்கள். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லவ்ஸ்கி, கடன் சேகரிப்பவர்கள் பெண்களைப் பாலியல்ரீதியாகத் துன்புறுத்துவது பற்றியும் பகிரங்கமாகப் பேசினார்.

இங்கே அவமானம்தான் ஆயுதம். கடன் என்பது பணக் கணக்கு, அது உங்கள் மானத்தின் கணக்கு அல்ல. இந்த இரண்டையும் கலப்பதில்தான் அவரது பலம் இருக்கிறது. எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு கட்டினோம், எவ்வளவு மிச்சம் என்பதைக் கொப்பியில் எழுதி வைத்து, அந்தக் கணக்கைப் பற்றி மட்டும் பேசுங்கள். வீட்டுக்குள் விடாமல் வாசலில், பகல் நேரத்தில், இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். ஒரே குழுவில் கடன் எடுத்த பெண்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லத் தொடங்கினால் சேகரிப்பவரின் வேலை இலகுவாகிவிடும். அவர்கள் ஒன்றாக நின்றால் அது நடக்காது.

வீட்டுக்குள் இருப்பவர்

மிகக் கடினமான மனிதர் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். குடித்துவிட்டு வரும் கணவர், எதற்கும் எரிந்து விழும் தம்பி, “அனுப்பின காசெல்லாம் என்ன செய்தனீங்கள்?” என்று வெளிநாட்டிலிருந்து கேட்கும் அண்ணன். இவர்களும் அதே யுத்தத்துக்குள்ளால் வந்தவர்கள். குளிரில் இரண்டு வேலை செய்யும் அண்ணனுக்கும் தூக்கம் இல்லாமல் இருக்கலாம். தம்பியின் கோபத்துக்குப் பின்னால் அவன் யாருக்கும் சொல்லாத ஒன்று இருக்கலாம்.

இதைத் தெரிந்துகொண்டால் “என்னை வெறுக்கிறான்” என்ற எண்ணம் “இவனுக்கும் காயம் இருக்கிறது” என்று மாறும். மனம் கொஞ்சம் ஆறும். கோபம் தணிந்த நேரம் பார்த்துப் பேச முடியும். ஆனால் ஒருவரை விளங்கிக்கொள்வது, அவர் அடிப்பதற்குக் கொடுக்கும் அனுமதி அல்ல. வன்முறை நடக்கும் வீட்டில் மூச்சுப் பயிற்சி தீர்வாகாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் எங்கள் மீது விழுந்த ஏச்சு, மாலையில் எங்கள் பிள்ளைகள் மீது விழுகிறது. வெளியில் “ஓம் சேர்” என்று விழுங்கியது வீட்டில் தடியாக வெளியே வருகிறது. அந்தச் சங்கிலியை அறுக்க, வீடு போகும் வழியிலேயே யாரிடமாவது நடந்ததைச் சொல்லிவிடுங்கள். கோவில் வீதியிலோ கடற்கரையிலோ கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

பொறுமைக்கு எல்லை உண்டு

மன அமைதி என்ற பெயரில் எங்களுக்கு அதிகம் போதிக்கப்பட்டது பொறுத்துப்போதல். அநியாயத்தைச் சகித்துக்கொள்வது அமைதி அல்ல. “வீட்டுக்கு யார் வந்தது, எந்தக் கூட்டத்துக்குப் போனனீங்கள்?” என்று விசாரிக்க வருபவர் வெறும் கடினமான மனிதர் அல்ல. அது அதிகாரம் தரும் அழுத்தம். அதைத் தனியே மனதுக்குள் வைத்திருக்கக்கூடாது. வந்த திகதி, நேரம், கேட்ட கேள்வி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

தூக்கமின்மை, கெட்ட கனவு, சாக வேண்டும் என்ற எண்ணம் என்பன வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது தனியாகச் சமாளிக்கும் விடயம் அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. அங்கே போவது பைத்தியம் என்பதற்கான அத்தாட்சி அல்ல. காலில் ஷெல் துண்டு இருந்தால் வைத்தியரிடம் போவதற்கு நாங்கள் வெட்கப்படுவதில்லை.

ஒரு வருடம் கழித்து பெரியம்மாவும் நானும் மறுபடி அதே அலுவலகத்துக்குப் போனோம். அதே உத்தியோகத்தர். முகத்தில் அதே சலிப்பு. பெரியம்மா தாளைப் பார்த்துத் தனது இரண்டு கேள்விகளையும் வாசித்தார். அவர் ஏதோ முணுமுணுத்தார். பெரியம்மா கொஞ்சம் பொறுத்து, “அதை எழுத்தில தாங்கோ சேர்” என்றார். சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டு அவர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

தம்பி இன்னும் வரவில்லை. அந்தப் படிவம் அவனைக் கொண்டுவரப்போவதும் இல்லை. ஆனால் அன்று பஸ்ஸில் பெரியம்மா என்னுடன் கதைத்துக்கொண்டே வந்தார். இரவு தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். அடுத்த கிழமை போக வேண்டிய இடத்தை, படுக்க முன்னர் தாளில் எழுதி வைத்தார்.