உள்ளே போன மசோதா, வெளியே வந்த சட்டம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) கூறு முன்பு நீளமான ஒரே வாக்கியமாக இருந்தது. தனிநபர் விவரம் என்று சொல்லி ஒரு பொதுத் தகவல் அலுவலர் கைவிரித்துவிட முடியாதபடி அதில் அடுக்கடுக்காகக் கொக்கி போட்டிருந்தார்கள். கேட்கும் விவரத்துக்குப் பொதுப் பணியோடோ பொதுநலனோடோ தொடர்பில்லாமல் இருக்க வேண்டும், அல்லது அதைக் கொடுத்தால் ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றி மூக்கை நுழைத்ததாக ஆக வேண்டும். அப்போதும்கூடப் பெரும் பொதுநலன் இருக்கிறது என்று அலுவலருக்குப் பட்டால் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் கடைசியில், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரம்புரை.

2025 நவம்பரிலிருந்து அந்தக் கூறில் இருப்பது ஒன்றே ஒன்று: தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்றால் கொடுக்க வேண்டியதில்லை. கொக்கிகள் எல்லாம் போய்விட்டன. இந்த வேலையைச் செய்தது ‘தகவல் உரிமைத் திருத்த மசோதா’ என்ற பெயரில் வந்த எதுவும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசிப் பிரிவு, 44. அதன் மூன்றாவது உட்பிரிவுதான் செய்தது. முதல் உட்பிரிவு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்தையும், இரண்டாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் திருத்துகின்றன. சட்டத்தின் தலைப்பை மட்டும் பார்த்துப் போகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்த விதத்தை நினைத்துப் பார்த்தால் இன்றைய வேகம் உறைக்கிறது. 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் இயக்கம் நடத்திய பொது விசாரணைகளில், வேலைக்கு வந்ததாக எழுதப்பட்ட பெயர்களை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். கூலி வாங்காதவர்கள் பெயரும், ஊரிலேயே இல்லாதவர்கள் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருந்தன. யார் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி: இயக்கத்தின் ஆயுதமே தனிநபர் விவரம்தான். இதை மறந்துவிட்டு 8(1)(ஜே)-யைப் பேச முடியாது.

மாநிலங்களில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 1997-லேயே ஒரு சட்டம் போட்டது, ஆனால் விலக்குகளின் பட்டியல் நீண்டு, உள்ளே சரக்கு குறைந்துபோனது. மத்தியில் தகவல் சுதந்திரச் சட்டம் என்று 2002-இல் ஒன்றை நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கு வரவே இல்லை.

பிறகு 2004 டிசம்பரில் மக்களவைக்கு வந்த மசோதா, பார்க்கச் சோனியாகத்தான் இருந்தது. மத்திய அரசின் அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றது. தாலுகா அலுவலகமும் ஊராட்சியும் ரேஷன் கடையும் மாநிலத்தின் கையில் இருக்கும் நாட்டில், சாதாரண மனிதருக்கு அதனால் என்ன பயன்? மசோதா பணியாளர், சட்டம், நீதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. அப்போது அதன் தலைவர் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த இ.எம். சுதர்சன நாச்சியப்பன். குழு இயக்கத்தினரை அழைத்துப் பேச வைத்தது. மாநிலங்களையும் உள்ளே கொண்டுவரச் சொன்னது. தகவல் ஆணையர்கள் அரசுச் செயலாளர் அந்தஸ்தில் இருந்தால் செயலாளர்களை எப்படிக் கேள்வி கேட்பார்கள் என்ற எளிய நியாயத்தில், தேர்தல் ஆணையர்களுக்குச் சமமான அந்தஸ்து வேண்டும் என்றது.

நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு 2005 மே 11 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. உள்ளே போனது ஒல்லியான மசோதா. வெளியே வந்தது ஊராட்சி வரைக்கும் எட்டும் சட்டம். 30 நாள் கெடு, தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம். அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி ‘ஆர்.டி.ஐ. போடுறேன்’ என்று சொல்வது ஒரு மிரட்டலாகவே ஆகிப்போனது.

அன்றைய ஆட்சியாளர்கள் எல்லோரும் தகவல் உரிமையின் காதலர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் வந்த மறு வருடமே, கோப்புகளில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ள அதே அரசு திருத்தம் தயாரித்தது. போராட்டம் கிளம்பவே பின்வாங்கியது. 2013 ஜூனில் ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் சொன்னபோது, ஆகஸ்டிலேயே கட்சிகளை விலக்கும் மசோதா வந்துவிட்டது. தங்கள் விஷயம் என்றால் என்ன சுறுசுறுப்பு! ஆனாலும் அது நிலைக்குழுவுக்குப் போனது, அங்கே காலம் கடந்தது, மக்களவை கலைந்ததும் காலாவதியானது. காலம் என்பதே அன்று ஒரு பாதுகாப்பாக இருந்தது. தாமதத்துக்கு அலுத்துக்கொள்ளும் நமக்கு இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

திருத்த மசோதா என்பது தனியாகப் படித்தால் புரியாத காகிதம். ‘மூலச் சட்டத்தின் இன்ன பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்’ என்று மட்டும் இருக்கும். அதனால்தான் பின்னிணைப்பில் பழைய சட்டத்தின் தொடர்புடைய பகுதிகளை அச்சிட்டுக் கொடுப்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் போகிறது, போனால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். குழுக்கள் செய்த வேலை பெரும்பாலும் இதுதான். 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின; 17-ஆவதில் 16 சதவீதம்.

அந்தப் பதினேழாவது மக்களவையில்தான் தகவல் உரிமைச் சட்டத்தின் மீது இரண்டு முறை கை வைக்கப்பட்டது. 2019 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, திருத்த மசோதா அறிமுகம். திங்கட்கிழமை மக்களவையில் நிறைவேற்றம். வியாழக்கிழமை மாநிலங்களவை. தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம் என்ற எதிர்க்கட்சிகளின் தீர்மானம் 117-க்கு 75 என்று தோற்றது. மாற்றம் என்ன? ஆணையர்களுக்கு ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் என்று சட்டத்திலேயே இருந்ததை எடுத்துவிட்டு, மத்திய அரசு விதிக்கும் காலம் என்றார்கள். சம்பளமும் அப்படியே. நிலைக்குழு யோசித்துச் சேர்த்த தேர்தல் ஆணையர் அந்தஸ்து காணாமல் போனது. அக்டோபரில் விதிகள் வந்தன: பதவிக்காலம் மூன்று ஆண்டு. மாநில ஆணையர்களுக்கும் மத்திய அரசே காலத்தை நிர்ணயிக்கும். இனி மூன்றாக இருப்பதை இரண்டாக்க நாடாளுமன்றத்துக்கு வர வேண்டியதில்லை, ஓர் அரசிதழ் அறிவிப்பு போதும்.

தரவுப் பாதுகாப்பு மசோதாவின் கதை இன்னும் விசித்திரம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இப்படி ஒரு சட்டம் அவசியமே. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த வரைவிலும் 8(1)(ஜே)-க்குத் திருத்தம் இருந்தது. ஆனால் அதில் ஒரு தராசு இருந்தது, ஒருவருக்கு வரும் தீங்கு பொதுநலனைவிடக் கனக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. 2019-இல் வந்த மசோதாவைக் கூட்டுக்குழு இரண்டு ஆண்டு அலசியது. 2022 ஆகஸ்டில் அதை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. புதிய வரைவை அந்த நவம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். வந்த கருத்துகள் வெளியிடப்படவில்லை. தகவல் உரிமையைத் தொடும் ஒரு வரைவின் மீது வந்த கருத்துகளே பூட்டுக்குள் இருந்தன என்பதை எந்த நகைச்சுவை எழுத்தாளரும் எழுதத் தயங்குவார்.

2023 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை, புதிய மசோதா அறிமுகம். மறுபடியும் ஒரு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை மக்களவையில் குரல் வாக்கெடுப்பு, புதன்கிழமை மாநிலங்களவை, வெள்ளிக்கிழமை குடியரசுத் தலைவர் ஒப்புதல். குழு எதுவும் இல்லை. முந்தைய வடிவத்தைத்தான் குழு பார்த்துவிட்டதே என்று ஒரு சமாதானம் சொல்லலாம். கூட்டுக்குழு பார்த்த மசோதா வேறு, நிறைவேறியது வேறு. பின்னிணைப்பை யாராவது விரித்துப் பார்த்திருந்தால் எத்தனை சொற்கள் போகின்றன என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

அரசின் பதில், பொதுநலனுக்கு 8(2) இருக்கிறதே என்பது. உண்மைதான், 8(2) அப்படியே இருக்கிறது: பாதுகாக்கப்படும் நலனுக்கு வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கலாம். ஆனால் தடை போடும் கூறுக்குள்ளேயே கொக்கி இருப்பதும், அலுவலர் வேறொரு பிரிவைப் புரட்டித் தானாகத் தராசைத் தூக்குவார் என்று காத்திருப்பதும் ஒன்றல்ல. மறுக்கும் அலுவலருக்கு இப்போது ஒரு வரி போதும். அது ஏன் பொதுநலன் என்று வாதாட வேண்டியவர் மனுதாரர். பழைய கூறு இருந்தபோதே, ஓர் அரசு ஊழியரின் பணிப் பதிவும் சொத்து விவரமும் தனிப்பட்டவை என்று 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அலுவலர்களுக்கு மறுக்கும் பழக்கம் ஏற்கெனவே கைவந்த கலை.

நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு, வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிப் பட்டியல், சாலைக்கு ஒப்பந்தம் எடுத்தவரின் பெயர், தரச் சான்றில் கையெழுத்திட்ட பொறியாளரின் பெயர்: எதைக் கேட்டாலும் அதில் ஒரு மனிதர் இருக்கிறார். இதே கேள்வியைத் தொகுதி எம்.பி. மக்களவையில் எழுப்பினால் அமைச்சர் பதில் தந்தாக வேண்டியிருக்கும். அவருக்குக் கிடைப்பது எனக்கும் கிடைக்க வேண்டும் என்று மனுவில் எழுத முன்பு ஒரு வரம்புரை இருந்தது. இப்போது மனுதாரர் முதல் மேல்முறையீட்டிலேயே 8(2)-ஐப் பெயர் சொல்லி எழுதி, தன் பொதுநலனைத் தானே நிறுவ வேண்டும்.