ஐந்து வினை, பத்துப் பொருள்: ஆர்ஸ் மேஜிகாவின் மந்திரக் கல்வி

ஆர்ஸ் மேஜிகா என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. ஜோனதன் ட்வீட், மார்க் ரைன்-ஹேகன் இருவரும் உருவாக்கிய இது 1987இல் அமெரிக்காவில் வெளியானது. கதைக்களம் இடைக்கால ஐரோப்பா. ஐந்தாம் பதிப்பின்படி ஆட்டம் தொடங்கும் ஆண்டு 1220. ஊர்களும் அரசர்களும் திருச்சபையும் வரலாற்றில் உள்ளபடியே இருக்கின்றன. ஆனால் அக்கால மக்கள் நம்பிய பேய்களும் தேவதைகளும் டிராகன்களும் அங்கே உண்மையாகவே உலவுகின்றன.

இதில் வரும் மந்திரவாதிகள் ஹெர்மீஸ் சங்கத்தினர். கதைப்படி சங்கம் தோன்றியது 767இல். அதற்கு முன் ஒரு மந்திரவாதி இன்னொருவரை அண்டவே அஞ்சினார். பிறர் ஏவும் மந்திரத்தைத் தடுக்கும் ‘பார்மா மேஜிகா’ என்ற காப்பை போனிசாகஸ் என்ற மந்திரவாதி கண்டுபிடித்தார். ட்ரையனோமா என்ற மந்திரவாதி மற்ற மந்திரவாதிகளைத் தேடிப் போய்ப் பேசி இணைத்தார். உயிர்ப்பயம் நீங்கிய பிறகே வித்தையைப் பகிர முடிந்தது. பன்னிரண்டு குலங்களாகச் சங்கம் அமைந்தது. அவற்றில் டியட்னே குலம் பின்னர் உட்போரில் அழிக்கப்பட்டது.

போனிசாகஸின் கோட்பாடு இலக்கணம்போல வேலை செய்கிறது. ஆக்கல், அறிதல், மாற்றல், அழித்தல், ஆளல் என வினைகள் ஐந்து. விலங்கு, நீர், காற்று, உடல், தாவரம், தீ, தோற்றம், மனம், மண், மந்திர ஆற்றல் எனப் பொருள்கள் பத்து. ஒரு வினையும் ஒரு பொருளும் சேர்ந்தால் மந்திரம். ஆக்கலும் தீயும் சேர்ந்த ‘கிரியோ இக்னெம்’ தீயை உண்டாக்கும்; அறிதலும் மனமும் சேர்ந்த ‘இன்டெலிகோ மென்டெம்’ மனத்தைப் படிக்கும். முன்பே கற்ற மந்திரத்தை முழுத் திறனுடன் ஏவலாம். அந்தக் கணத்திலேயே புதிதாகப் புனைந்தால் களைப்போடு திறனில் பாதிதான் கிட்டும். களைக்காமல் செய்தால் ஐந்தில் ஒரு பங்கு.

ஆட்டத்தின் உயிர் படிப்பில் இருக்கிறது. பல விளையாட்டுகளில் அரக்கனைக் கொன்றால் பலம் கூடும். இங்கே நூலகத்தில் உட்கார்ந்தால் கூடும். காலம் பருவங்களாக எண்ணப்படுகிறது, ஆண்டுக்கு நான்கு. ஒரு பருவத்தை நூல் படிக்கவோ, ஆய்வுக்கூடத்தில் மந்திரம் வடிக்கவோ, மாணவருக்குக் கற்பிக்கவோ செலவிடலாம். மாணவராக இருக்கும் காலம் மட்டும் பதினைந்து ஆண்டுகள். ‘சும்மா’ என்ற பெருநூல் குறிப்பிட்ட நிலைவரைதான் கற்பிக்கும்; அந்த நிலை ஆசிரியரின் புலமையில் பாதியைத் தாண்டாது. ‘ட்ராக்டேட்டஸ்’ என்ற சிறுநூலுக்கு அந்த வரம்பில்லை, ஆனால் ஒருவருக்கு ஒருமுறைதான் பயன்படும். எனவே நல்ல நூல் பொன்னைவிட மதிப்புள்ளது. அதன் நகலுக்காக மந்திரவாதிகள் பேரம் பேசுவதே சுவையான கதையாகிவிடும்.

போனிசாகஸின் கோட்பாட்டுக்கும் எல்லைகள் உண்டு. இறைவனின் செயலை அது மாற்ற முடியாது. நிலவுக்கு அப்பாலுள்ளதைத் தொட முடியாது. இறந்தவரை உயிர்ப்பிக்க முடியாது. இறைவனைப் பற்றிய எல்லை உறுதியானது. மற்றவை சில போனிசாகஸின் கோட்பாட்டுக் குறைகளாகவும் இருக்கலாம் என்று சங்கத்திலேயே வாதம் நடக்கிறது. அத்தகைய ஒன்றை உடைக்க விரும்பும் மந்திரவாதி பருவம் பருவமாகச் சோதனை செய்ய வேண்டும். பகடை சரியாக விழாவிட்டால் ஆய்வுக்கூடமே வெடித்துப் போகலாம்.