உருசிய நாட்டுப்புற வழக்கில் விலங்கும் பறவையும்

மக்கள் வாழும் சூழலே அவர்தம் பேச்சுக்கு உவமைகளை வழங்குகின்றது. அடர்ந்த காடும் நீண்ட பனிக்காலமும் உடைய உருசிய நாட்டின் சிற்றூர் மக்கள், தம் அச்சத்தையும் மகிழ்ச்சியையும் துயரத்தையும் விலங்கு, பறவைகளின் பெயரால் உணர்த்தினர்.

முதலில் கரடியைக் காண்போம். உருசிய மொழியில் அதன் பெயர் 'மெத்வேத்'. 'தேன் உண்பது' என்பதே இச்சொல்லின் பொருள். உண்மைப் பெயரை உச்சரித்தால் கரடி வந்துவிடும் என்று அஞ்சிய முன்னோர், இம்மறைபெயரை இட்டனர் என்பது மொழியறிஞர் கருத்து. நாளடைவில் பழம்பெயர் மறைய, மறைபெயரே நிலைத்தது. பின்னர் அதனையும் சொல்லத் தயங்கிய வேடர்கள், கரடியைத் 'தலைவர்' என்றும் 'தாத்தா' என்றும் மதிப்புடன் குறிப்பிட்டனர்.

மார்ச்சு மாதத்தில் பனி உருகத் தொடங்கும். அப்போது தாய்மார்கள் வானம்பாடி வடிவில் சிறு ரொட்டிகள் சுடுவர். சிறுவர்கள் அவற்றை ஏந்தி மேட்டில் நின்று, இளவேனிலைக் கொண்டுவருமாறு பறவைகளைக் கூவி அழைப்பர். சில வட்டாரங்களில் இதே ரொட்டிக்கு உள்ளான் பறவையின் பெயர் வழங்கியது. வட்டாரம் மாறினால் பறவையும் மாறும், எதிர்பார்ப்பு ஒன்றே.

திருமணப் பாடல்களில் மணமகன் வல்லூறு; மணமகள் வெண்ணிற அன்னம். பிறந்தகம் நீங்கும் பெண்ணைத் தன் கூட்டத்தைப் பிரிந்த அன்னமாகப் பாடுவர். நமக்குக் குயில் இனிய குரலுக்கு உவமை. வட உருசிய ஒப்பாரிகளிலோ குயிலினப் பறவை, கணவனையோ மகனையோ இழந்து தனித்துக் கதறும் பெண்ணுக்கு உவமை.

இவை நமக்குக் கிடைத்தது எவ்வாறு? இரீனா பெதசோவா என்னும் வடநாட்டு உழவர்குலப் பெண்மணி எழுதப் படிக்க அறியாதவர். ஒப்பாரி பாடுவதில் வல்லவர். பார்சோவ் என்னும் ஆசிரியர் 1867ஆம் ஆண்டில் அவர் பாடக் கேட்டு எழுதத் தொடங்கினார். அவற்றின் முதல் தொகுதி 1872இல் அச்சேறியது.

மருத்துவரான விளாதிமீர் தால் என்பவரோ, உழவர், படைவீரர் முதலியோரின் பேச்சைப் பல்லாண்டுகள் குறித்துவைத்தார். 1828-29இல் நடந்த துருக்கியப் போரின்போது, அவர்தம் குறிப்புகளைச் சுமந்த ஒட்டகம் காணாமற் போயிற்று. சில நாள்களுக்குப் பின் படைவீரர்கள் அதனை மீட்டுக் கொணர்ந்தனர். அவர் தொகுத்த அகராதி, ஏறத்தாழ 2,00,000 சொற்களுடன் நான்கு தொகுதிகளாக 1863 முதல் 1866 வரை வெளிவந்தது.

மாணவச் செல்வங்களே! எழுத்தறியாதார் பேச்சு எளிதெனத் தள்ளத்தக்கதன்று. அப்பேச்சில் ஒரு மக்களின் வாழ்வே அடங்கியுள்ளது. கேட்டு எழுதுவார் இல்லையேல் அது சொன்னவருடனேயே மறையும். உங்கள் பாட்டியும் தாத்தாவும் சொல்லும் பழமொழி, விடுகதை, தாலாட்டு ஆகியவற்றை இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது மறுக்காமல் சொல்லிக் கொடுங்கள். நாம் விட்டுச் செல்லும் செல்வங்களுள் அதுவும் ஒன்றாகும்.