நடுத்துண்டு யாருக்கு?

வஞ்சிரக் குழம்பு வைத்த வீட்டில் நடுத்துண்டு யார் தட்டில் விழுகிறது? அப்பாவுக்கு! அடுத்த துண்டு பையனுக்கு. வால் பக்கம் பெண்ணுக்கு. அம்மாவுக்கு..? ‘‘எனக்குக் குழம்பே போதும்டா!’’ இதற்குச் சட்டமும் இல்லை, ஜி.ஓ.வும் இல்லை. ஆனால், எந்த அரசாங்க உத்தரவும் இத்தனை ஒழுங்காக அமலானதில்லை, ஸார்!

காசும் இப்படித்தான் பிரிகிறது. கடலூர் துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, கூடை சுமந்து விற்கிற பெண்களைப் பாருங்கள். சிதம்பரம் பக்கம் வீராணம் தண்ணீர் பாயும் வயல்களில் குனிந்து நாற்று நடுகிறவர்களைப் பாருங்கள். சாயங்காலம் கைக்கு வரும் காசு நேரே அரிசி, எண்ணெய், பிள்ளையின் நோட்டுப் புத்தகம் என்று போய்விடும். ஐயாவின் கூலியோ, பல வீடுகளில் டீக்கடை, பீடி, டாஸ்மாக் என்று நாலு ஸ்டாப்பிங்கில் நின்றுதான் வீடு வந்து சேரும்... மிச்சம் இருந்தால்!

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஜோன் மென்ச்சர், 1988-ல் இதை எழுதினார். விவசாயக் கூலிப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தாலும், கிட்டத்தட்ட முழுவதையும் வீட்டுக்கே கொடுத்தார்கள். ஆண்கள் ஒரு பங்கைச் சொந்தச் செலவுக்கு நிறுத்திக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்கக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே கறுப்பின முதியவர்களின் பென்ஷன், வெள்ளையருக்கு இணையாக உயர்த்தப்பட்டது. பாட்டி பென்ஷன் வாங்கிய வீடுகளில் பேத்திகள் நன்றாகத் தேறினார்கள். எடை, உயரம் இரண்டிலும் தெரிந்தது. தாத்தா வாங்கிய வீடுகளில் அந்த மாற்றத்தைக் காணோம்! 2003-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய எஸ்தர் டஃப்லோ, 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். பணம் ஒன்றுதான். வாங்கும் கை மாறினால் சாப்பிடும் வாயும் மாறுகிறது.

தமிழக அரசு 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்கிலேயே போடத் தொடங்கியது. ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமைத்தொகை’ என்று பெயர் வைத்தார்கள். சரிதான். ஆனால், ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது?

‘‘நான்தான் மாசா மாசம் வீட்டுக்குக் கொடுக்கிறேனே!’’ என்கிறீர்களா, தம்பி? ‘செலவுக்கு இவ்வளவு’ என்று எண்ணி வைப்பது வேறு. மொத்தச் சம்பளத்தையும் நடுவில் வைத்து, இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவது வேறு. இந்த ஒண்ணாந்தேதி பே-ஸ்லிப்பை மனைவியிடம் காட்டுங்கள். ஓவர்டைம் வரியை விரலால் மறைக்காமல்!